ஒருசந்தி பிடித்த சிறுமி



கரையோரக் கிராமப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், தவக்காலத்திலே ஒரு நாள் என்னிடம் வந்து ஒரு விடயத்தைச் சொன்னார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதல்ல. நாலு பேர் அறியவேண்டும் என்று விரும்பி, அறைவீட்டு விறாந்தையில் இருந்து சொன்னது. ஆகவே ஊரையும் பேரையும் மறைத்து அதை உங்கள்முன் வைக்கிறேன்.

அவருடைய ஏழாம் வகுப்பிலே ஒரு சிறுமி. ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளை மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். இவள் மாத்திரம் கொப்பியை விரித்தபடி இருந்தாள்.

"ஏன் பிள்ளை, சாப்பிடேல்லையோ?"

"நான் இண்டைக்கு ஒருசந்தி, ரீச்சர்."

ஆசிரியையின் மனம் குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆண்டவருடைய பாடுகளை நினைத்து உணவை ஒறுக்கிறதே! வகுப்பின்முன் அவளை நிறுத்திப் புகழ்ந்தார். "பாருங்கோ, பிள்ளையள், இவவைப் பார்த்துப் பழகுங்கோ" என்றார். சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று எண்ணினார் ஆசிரியை.

அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவளுக்கு ஒருசந்தி. புதன்கிழமையும் ஒருசந்தி. வியாழக்கிழமை அவள் தண்ணீர்க் குழாயடியில் நின்று இரண்டு கைகளாலும் ஏந்தி வயிறு நிறையக் குடித்ததை ஆசிரியை கண்டார். அப்பொழுதுதான் அவருக்கு விளங்கியது. மறுநாள் தம் வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பாசலைக் கட்டிக்கொண்டுபோய் மறைவாக நீட்டினார். பிள்ளை வாங்கவில்லை. "ஒருசந்தியை முறிக்கக்கூடாது, ரீச்சர், நீங்கள்தானே எல்லாருக்கும் சொன்னனீங்கள்" என்றாள்.

"சுவாமி, நான் புகழ்ந்த புகழ்ச்சியே அந்தப் பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது" என்று சொல்லி அந்த ஆசிரியை கண்கலங்கினார்.

வாசகர்களே, சிறிது நின்று சிந்திப்போம். ஒருசந்தி யாருக்கு உரியது? பதினெட்டு வயது நிறைந்தவர்களையே திருச்சபைச் சட்டம் ஒருசந்திக்குக் கட்டுப்படுத்துகிறது. இறைச்சியை ஒறுக்கும் சுத்தபோசனக் கடமைகூடப் பதினான்கு வயது நிறைந்தபின்னரே வருகிறது. வளரும் பிள்ளைக்கு உணவு வேண்டும் என்பதைத் தாயாகிய திருச்சபை நன்கு அறிவாள். பன்னிரண்டு வயதுச் சிறுமிமீது அவள் எந்த ஒருசந்தியையும் சுமத்தவில்லை. அப்படியாயின் அந்தச் சிறுமியின்மேல் அதைச் சுமத்தியது யார்?

நாம் பிடிக்கவேண்டிய ஒருசந்தியை நமது பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

நமது நாட்டிலே கல்விக்குக் குறையொன்றும் இல்லை என்று பெருமையாகச் சொல்லுகிறோம். 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்கள் காலத்தில் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தன. 1993 முதல் சீருடைத் துணியும் கிடைத்தது. வாசலில் கட்டணம் கேட்பார் இல்லை. புத்தகம் கையில் உண்டு. உடை உடலில் உண்டு. ஆனால் காலை ஏழரை மணிக்கு மணியடித்துப் பிற்பகல் ஒன்றரை மணிக்கு விடும் பாடசாலையிலே, வெறும் பிளேன்ரீயோடு வந்த பிள்ளையின் காதில் கணக்கும் ஏறாது, ஞானோபதேசமும் ஏறாது. இடைவேளைக்குப் பின் மேசையில் தலைசாய்த்துத் தூங்கும் பிள்ளையை நாம் சோம்பேறி என்கிறோம். அப்பிள்ளை முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டது என்று கேட்பவர் எத்தனை பேர்?

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை ஒரே வருடத்தில் 94.9 வீதத்தால் ஏறியிருந்தது. நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்கவேண்டி வந்தது. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தது. கடற்றொழிலாளிக்கு மண்ணெண்ணெய் விளக்குக்கு மாத்திரம் அல்ல, இயந்திரத்துக்கும் அதுவே. பல வள்ளங்கள் கரையிலே கிடந்தன. போனவர்களின் வலைகளையும் இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போன நாட்கள் உண்டு. அதன்பின் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது உண்மை. ஆனால் ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கூலியோ அவ்வளவுக்கு ஏறவில்லை. இந்த இடைவெளிக்குள்ளேதான் அந்தச் சிறுமியின் சாப்பாட்டுப் பெட்டி விழுந்துபோயிற்று.

"அரசாங்கம் சாப்பாடு கொடுக்கிறதே, சுவாமி" என்று நீங்கள் சொல்லலாம். கொடுக்கிறது, நன்றியோடு அதை ஒப்புக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அத்திட்டம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் அனைவருக்கும் என விரிவாக்கப்பட்டது. ஆனால் ஆரம்பப் பிரிவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை பெரும்பாலும் அதற்கு வெளியே போய்விடுகிறது. ஐந்தாம் வகுப்போடு பாடங்கள் மாறலாம், ஆசிரியர்கள் மாறலாம். பசி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறதா? எலும்பும் தசையும் விரைந்து வளரும் பருவமோ அதன் பின்னரே வருகிறது.

அரசாங்கம் செய்யவேண்டியதைச் செய்யும்படி கேட்போம்; கேட்பது நமது உரிமை. ஆனால் அந்தப் பதில் வரும்வரை பிள்ளையைக் குழாயடியில் காத்திருக்கும்படி சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இனி வேதாகமத்தைத் திறப்போம். எசாயா ஆகமம் 58ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பச் செபத்தின் பின் வாசித்துப் பாருங்கள். தாங்கள் நோன்பிருந்தும் கடவுள் கண்டுகொள்ளவில்லை என்று மக்கள் முறையிடுகிறார்கள். இறைவாக்கினரோ, தலையைத் தொங்கப்போட்டுச் சாக்குடுத்துவதையா கடவுள் கேட்டார் என்று திருப்பிக் கேட்கிறார். கட்டுண்டவனை அவிழ்த்துவிடுவதும், உன் உணவைப் பசித்தவனோடு பங்கிடுவதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்று இடித்துரைக்கிறார். ஆகவே நோன்புக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு வயிறு ஒறுக்க, மற்றொரு வயிறு நிறையவேண்டும். ஒறுத்தது நமது சமையலறையிலேயே தங்கிவிட்டால் அது சிக்கனம், தவம் அன்று.

ஆதித் திருச்சபை இதை நன்றாக அறிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுந்த 'எர்மாசின் மேய்ப்பன்' என்னும் நூல், நோன்பு நாளிலே நீ உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ ஏழைக்கோ கொடுக்கும்படி கற்பிக்கிறது. கணக்கிடு என்று சொல்லுவதைக் கவனியுங்கள். இரக்கம் உள்ளத்தில் பிறந்தாலும் அது கைக்கு வரும்போது எண்ணி அளந்து வரவேண்டும். அதே நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாட்சியான புனித யுஸ்தீன், ஞாயிறுதோறும் பூசையில் கூடிய விசுவாசிகள் தம்மால் இயன்றதைக் கொடுத்ததையும், அது அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர் ஆகியோருக்குப் பயன்பட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். பூசையும் பசித்தவனின் சோறும் அன்று ஒரே பீடத்தின் இரு பக்கங்களாக இருந்தன.

நமது பாட்டிமாரும் இதை அறிந்திருந்தார்கள். உலையில் அரிசியைப் போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் இடுவார்கள். அதுதான் பிடியரிசி. கோவிலுக்கும் பள்ளிக்கும் ஏழை வீட்டுக்கும் அது போயிற்று. கடற்கரை ஊர்களிலே பாட்டில் ஒரு பங்கு மீன் கோவிலுக்கு என்று விடப்பட்டது. அவர்கள் செல்வந்தர்கள் அல்லர். பலருக்குத் தங்கள் பெயரை எழுதவும் தெரியாது. தாங்கள் எழுதத் தெரியாதவர்கள் பிடியரிசி சேர்த்துப் பிறர் பிள்ளைகளை எழுத வைத்தார்கள்.

ஒரு பிடி அரிசியால் என்ன ஆகும் என்று எண்ணவேண்டாம். கணக்குப் பார்ப்போம். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். ஒரு பங்கிலே 200 குடும்பங்கள் இருப்பதாக வைப்போம். ஒவ்வொரு வீட்டிலும் நாளுக்கு ஒரு பிடி என்றால் 10 கிலோ அரிசி. ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்துக்கு 100 கிராம் அரிசி என்று தாராளமாக அளந்தாலும், நூறு பிள்ளைகளுக்கு அன்றாடம் சோறு ஆயிற்று. கொடுக்கும் வீட்டுக்கோ மாதம் முழுவதும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ. சோற்றோடு பருப்பும், வேலியில் நிற்கும் முருங்கையின் இலையும், கரையில் கிடைக்கும் நெத்தலியும், வாரம் இரண்டு நாள் முட்டையும் சேர்ந்தால் அது பிள்ளைக்கு ஏற்ற சாப்பாடு. முருங்கை உள்ளவர் இலை கொடுக்கட்டும். தொழிலுக்குப் போகிறவர் மீன் கொடுக்கட்டும். சம்பளக்காரர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பணம் கொடுக்கட்டும். ஒன்றுமில்லாதவர் ஒரு மணித்தியாலம் அடுப்படியில் நிற்கட்டும். அதுவும் காணிக்கையே.

"எங்களுக்கே காணாது, சுவாமி" என்று ஒரு தாய் சொல்லக்கூடும். அவவுக்கு நான் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணைக் காட்டுகிறேன். பஞ்ச காலம். பானையிலே ஒரு கைப்பிடி மா. கலயத்தில் சிறிது எண்ணெய். தானும் மகனும் அதை உண்டபின் சாவதற்கு ஆயத்தமாகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எலியா அவளிடம் அந்தப் பிடியிலேயே பங்கு கேட்டார். அவள் கொடுத்தாள், பஞ்சம் தீருமட்டும் பானையில் மா குறையவில்லை என்று முதலாம் அரசர் ஆகமம் கூறுகிறது. அவள் இஸ்ராயேல் குலத்தவள் அல்லள், சீதோன் நாட்டவள் என்பதை நம் ஆண்டவரே நாசரேத்துச் செபக்கூடத்தில் நினைவூட்டினார். இறைவாக்கினருக்கு உணவளிக்கக் கடவுள் வேற்று மதத்தவளின் கையைத் தெரிந்துகொண்டார். ஆகவே நமது பிடியரிசியும் ஞானஸ்நானக் கொப்பியைப் பார்த்து அளக்கப்படலாகாது. ஒரே வாங்கிலே இருக்கும் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே சட்டியில் சமைத்ததை உண்ணட்டும்.

"தகப்பன் உழைப்பதைக் குடித்துத் தொலைக்கிறான், நாங்கள் பிள்ளைக்குச் சோறு போடுவதா?" என்று கேட்பவர்களும் உண்டு. தகப்பனுக்குச் சொல்லவேண்டியதைத் தகப்பனுக்குச் சொல்லுவோம். ஆனால் அவன் குற்றத்துக்கு மகள் ஏன் பட்டினித் தண்டனை அனுபவிக்கவேண்டும்? பசித்தவனுக்கு உணவளிப்பதை இரக்கச் செயல்களுள் முதலாவதாகச் சிறுவயதில் மனப்பாடம் பண்ணினோமே, அதிலே பசித்தவனின் தகப்பனை விசாரித்து அறிந்தபின் என்று ஒரு சொல்லாவது இருந்ததா?

இனி முக்கியமான ஒன்று. அந்தச் சிறுமி பாசலை வாங்க மறுத்தாள் என்பதை மறவாதீர்கள். பசியைவிட வெட்கம் அவளுக்குப் பெரிதாயிருந்தது. கொரிந்து நகரத்துச் சபையை அப்போஸ்தலரான சின்னப்பர் கண்டித்தது இதற்காகவே. ஆண்டவருடைய விருந்துக்குக் கூடிய இடத்திலே ஒருவன் நிறைய உண்டிருக்க, மற்றவன் பசித்திருந்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று அவர் கடிந்துகொண்டார். நாம் சேர்க்கும் பணமும் அரிசியும் ஒரு பிள்ளையையாவது வெட்கப்படுத்துமானால், நாம் சோற்றைக் கொடுத்து மானத்தைப் பறித்தவர்களாவோம்.

ஆகையால், இம்முயற்சியில் இறங்கும் பங்குகளுக்குச் சில காரியங்களைத் தாழ்மையோடு சொல்லுகிறேன். ஏழைப் பிள்ளைகளின் பெயர்களைக் கோவிலில் வாசிக்கவேண்டாம். அவர்களை வரிசையில் நிறுத்திப் பாசல் கொடுக்கும் படம் எடுக்கவேண்டாம். அப்படிப்பட்ட படத்தை இப்பத்திரிகைக்கு அனுப்பினால் நான் பிரசுரிக்கமாட்டேன். கூடுமானவரையில் வகுப்பு முழுவதும் ஒன்றாக உண்ணட்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதே சோற்றில் கை வைக்கட்டும். யாருக்குத் தேவை என்பதை அதிபரும் வகுப்பாசிரியரும் அறிந்தால் போதும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது கொடுப்பவனின் பெருமையை அடக்க மாத்திரம் அல்ல, பெறுபவனின் முகத்தைக் காக்கவுமே என்று நான் எண்ணுகிறேன்.

கொடுப்பது மறைவாக இருக்கட்டும்; கணக்கோ வெளிச்சத்தில் இருக்கட்டும். யெருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைச் சின்னப்பர் தாம் தனியே கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடமிராதபடி தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார். இதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் காணலாம். அப்போஸ்தலருக்கே அவ்வளவு கவனம் என்றால், பங்குச் சுவாமியும் செயலாளரும் எம்மாத்திரம்? ஒரு தாய், ஓர் ஆசிரியர், வின்சென்ட் தே பவுல் சபையார் ஒருவர் என மூவர் கையொப்பமிட்ட கணக்கு மாதந்தோறும் கோவில் கதவிலே தொங்கட்டும். எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ வெந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று எவரும் வாசிக்கலாம். நம் பகுதிகளில் நல்ல முயற்சிகள் பல காசு இல்லாமல் சாகவில்லை; கணக்கு இல்லாமல் செத்தன.

கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கும் நம் உறவுகள் இதைக் கேட்டால் மனமுவந்து அனுப்புவார்கள். அனுப்பட்டும், கடவுள் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் போட்டுவிட்டு நாம் கைகட்டி நின்றால், பிள்ளை உண்ணும், ஊர் திருந்தாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பசி பக்கத்து வீட்டுப் பானையைத் தொடவேண்டும். திருநாள் காலத்தில் வாணத்துக்கும் மின்குமிழ்ச் சோடனைக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவிடுவதிலே பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் எந்தப் புனிதரும் நம்மோடு கோபிக்கமாட்டார். பசித்த பிள்ளையைக் கடந்து தமது சுருபம் பவனி போவதை அவர்கள் விரும்புவார்களா?

1833ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே சில மாணவர்கள் கூடினார்கள். திருச்சபை ஏழைகளுக்காக இன்று என்ன செய்கிறது என்று எதிராளிகள் கேட்ட கேள்வி அவர்களைக் குத்தியது. அவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஒசானாமுக்கு அப்பொழுது இருபது வயது. வாதத்தை விட்டு விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏழை வீடுகளுக்குப் போனார்கள். அப்படிப் பிறந்ததே வின்சென்ட் தே பவுல் சபை. 1997இல் திருச்சபை ஒசானாமை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது. நம் வாலிபரே, நீங்களும் இருபது வயதினர் அல்லவா? சைக்கிளில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் உங்கள் ஒழுங்கையில் உள்ள இருபது வீடுகளுக்குப் போய்வாருங்கள். இந்தத் திட்டத்துக்கு வேறு வாகனம் தேவையில்லை.

தாய்மாரே, ஒரு சிறு பேணியை அடுப்படியில் வையுங்கள். உலையில் அரிசி இடுமுன் உங்கள் பிள்ளையின் கையாலேயே ஒரு பிடியை அதிலே இடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை வேளையில் அப்பத்தோடும் இரசத்தோடும் அந்த அரிசியும் பீடத்தடிக்கு வரட்டும். திங்கட்கிழமை அது பாடசாலை அடுப்புக்குப் போகட்டும்.

அந்தச் சிறுமிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அந்த ஆசிரியை ஒரு நாள் முழுவதும் யோசித்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை ஒரு பெரிய தாச்சியையும் சில வாழையிலைகளையும் வகுப்புக்குக் கொண்டுபோனார். எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெட்டிகளில் இருந்ததை அதிலே கொட்டும்படி சொன்னார். சோறும், புட்டும், பாண் துண்டும், சம்பலும், தாம் கொண்டுபோன கறியும் ஒன்றாகிவிட்டன. யாருடைய பெட்டி வெறுமையாக இருந்தது என்று பார்ப்பதற்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பின்பு அவர் பிள்ளைகளைப் பார்த்து, "போன கிழமை ரீச்சர் ஒண்டு பிழையாச் சொல்லிப்போட்டன். ஒருசந்தி பெரியாக்களுக்கு, பிள்ளையளுக்கு இல்லை. இனிமேல் உங்களுக்காக நான் பிடிக்கிறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார்.

சிறுமி சாப்பிட்டாள். இரண்டாம் தரமும் இலையை நீட்டினாள்.

அந்த ஆசிரியை அன்று முதல் வெள்ளிதோறும் தம் மதியச் சாப்பாட்டை விடுகிறார்; அதன் விலையை வகுப்புத் தாச்சியில் சேர்க்கிறார். ஒருவர் பிடிக்கும் ஒருசந்தி ஒரு வகுப்புக்கு உதவுமானால், ஒரு பங்கு முழுவதும் பிடித்தால் எத்தனை பிள்ளைகளின் ஒருசந்தி முடிவுக்கு வரும்! அப்பத்தின் வடிவில் நம் மத்தியில் தங்கியிருக்கும் ஆண்டவர், நம் பிள்ளைகளின் பசியை நம் தோளுக்கு மாற்றும் மனத்தை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.